மொட்டைக்கு முன் ஒரு படம்

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. மூன்று வயசுக் குழந்தை. பாவாடை சட்டை, இரட்டைச் சடை, நுனியில் குஞ்சம், நெற்றியில் அகலமாகச் சாந்துப் பொட்டு, கன்னத்தில் திருஷ்டி மை. ஸ்டூடியோக்காரர் குழந்தையைக் கண்ணாடியோரம் ஒருக்களித்து நிறுத்தியிருக்கிறார். முகம் கேமராவுக்கு, சடையில் வைத்துத் தைத்த பூ கண்ணாடிக்கு. குழந்தை ஒரு மரக்குதிரையின் காதைப் பிடித்துக்கொண்டு உலகத்தையே முறைக்கிறது. அந்தக் குழந்தை நான்தான். மறுநாள் விடியற்காலையில் பழனி சரவணப் பொய்கைக் கரையில் அந்தச் சடை இரண்டும் போய், தலையில் சந்தனம் ஏறிவிட்டது.

இப்படி ஒரு படம் இல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு. முருகனுக்கு முடி நேர்ந்துகொண்டு ரெண்டு மூணு வருஷம் கத்தரி படாமல் வளர்ப்பார்கள். கண்ணில் விழும், வாயில் போகும், பேன் பிடிக்கும். இறக்கப்போகிற வாரத்தில் அம்மாக்களுக்கு மனசு கேட்காது. பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையின் பாவாடையை இரவல் வாங்கி, பூ வைத்து, ஒரு படம் எடுத்துவிடுவார்கள். "அவ்வளவு முடியைச் சும்மா கொடுத்துட முடியுமா? ஒரு நாளாச்சும் பின்னிப் பாக்கணும்ல" என்பாள் அம்மா. அந்தப் படம் கூடத்துச் சுவரில் வெகுநாள் தொங்கியது. எனக்கு மீசை அரும்பிய வருஷம் நானே கழற்றிப் பெட்டிக்கு அடியில் போட்டேன்.

போன தைப்பூசத்துக்கு வந்திருந்த அக்கா மகள் அதைத் தோண்டி எடுத்தாள். மனோதத்துவம் முதுகலை படிக்கிறாள். படத்தைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு, "மாமா, எங்க பாடத்துல இதுக்கு ஒரு பேர் இருக்கு தெரியுமா?" என்றாள். அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "பேரா? அதுக்குப் பேரு வேண்டுதல்டி."

இருவரில் யார் சொன்னது சரி என்று அன்று ராத்திரி வரை பேசினோம். நான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் எதிர்ப்பாலின் உடையை உடுத்துவதற்கு என்ன பெயர்? அந்தப் பெயர் உடைக்கா, உடுத்துகிற நேரத்துக்கா, உடுத்துகிற ஆளுக்கா? மருத்துவம் இதற்குப் பதில் தேட ஆரம்பித்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. பழனி அடிவாரம் அந்தக் கேள்வியை அப்படிக் கேட்டதே இல்லை.

அடிவாரத்தில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தால் போதும். 2021 செப்டம்பரிலிருந்து மொட்டைக்குக் கட்டணம் கிடையாது. வரிசை மட்டும் உண்டு. தாத்தா, பேரன், புதுசாகக் கல்யாணமான பெண், அவள் மாமியார் என்று ஒரு குடும்பமே வரிசையாகச் சம்மணம் போட்டுத் தலையைக் குனிகிறது. எழுந்திருக்கும்போது எல்லாத் தலையும் ஒரே மஞ்சள் சந்தனத் தலை. பெண்ணுக்குக் கூந்தல்தான் அழகு என்று எழுதிக் குவித்த மொழியில், கூந்தலை முழுசாக இறக்கிவிட்டு ஒரு பெண் பேருந்து நிலையத்தில் முறுக்கு தின்றுகொண்டு நிற்கிறாள். வேறு ஊராக இருந்தால் நாலு பேர் திரும்பிப் பார்த்து என்ன கஷ்டமோ என்று நினைப்பார்கள். இங்கே "தரிசனம் நல்லபடியா ஆச்சா?" என்று கேட்கிறார்கள். தலையில் இருப்பதற்கும் இல்லாததற்கும் அர்த்தம் கொடுப்பது ஊர்தான்.

மேலே இருக்கிற சாமியும் ஒரு கோலத்தில் நிற்பதில்லை. விடியலில் சாது, கொஞ்ச நேரம் போனால் வேடன், பிறகு பாலசுப்பிரமணியன், சாயரட்சையில் ராஜா. கையில் தண்டோடு கோவணம் கட்டிய ஆண்டியைக் காலையில் கும்பிட்டவர்களே சாயங்காலம் ராஜ அலங்காரத்துக்கு முண்டியடிக்கிறார்கள். காலையில் பார்த்தது பொய், மாலையில் பார்ப்பது மெய் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. வள்ளியிடம் போகும்போதும் அவன் வேலனாக, வேடனாக, விருத்தனாகத்தான் போனான். வேஷம் மாறும் சாமி என்பது தமிழனுக்குப் பழகின சாமி. திருவரங்கத்தில் பகல் பத்தின் பத்தாம் நாள் பெருமாளே மோகினியாகி, நாச்சியார் திருக்கோலத்தில் புறப்படுகிறார். பின்னலும் தொங்கலுமாக வரும் அவரைப் பார்க்கத்தான் அன்றைக்குக் கூட்டம்.

இலக்கணமும் இதைத் தொட்டுத்தான் போயிருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் ஆரம்பத்திலேயே ஒரு நூற்பா, ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயரையும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறது. இவற்றுக்கென்று தனி விகுதி இல்லை, உயர்திணையில் ஆண்பாலாகவோ பெண்பாலாகவோ வரும் என்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் ஒன்று பேடு. காமன், பேடி உருக்கொண்டு வாணனின் நகரத்தில் ஆடியது. மணிமேகலையில் அந்த ஆட்டத்தைத் தெருவில் ஆடுகிறவருக்குச் சுருள் தாடியும் உண்டு, பூ முடித்த கூந்தலும் உண்டு. பார்க்கக் கூட்டம் நிற்கிறது. இதை வைத்துக்கொண்டு அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. வேடிக்கை பார்க்கக் கூடுகிற கூட்டம் மரியாதை கொடுக்கிற கூட்டம்தான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஆனால் கூத்துக்கு ஒரு பெயர் இருந்தது, அது ஆடலின் பெயராக இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

ஆளுக்குப் பெயர் வைத்தது பெர்லின். மக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற மருத்துவர் 1910-ல் ஒரு தடித்த புத்தகம் போட்டார். குறுக்கே என்று பொருள்படும் லத்தீன் சொல்லையும் உடை என்று பொருள்படும் லத்தீன் சொல்லையும் ஒட்டி 'டிரான்ஸ்வெஸ்டைட்' என்று புதுசாக ஒரு வார்த்தை செய்து அதையே தலைப்பாக்கினார். 17 பேரின் கதைகள் அதில் இருந்தன. 16 பேர் ஆண்கள், ஒருவர் பெண். அன்றைய மருத்துவர்கள் இவர்களையெல்லாம் ஓரினக் காதலர்கள் என்ற ஒரே கூடையில் போட்டிருந்தார்கள். அப்படியில்லை, இவர்களில் பலர் பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் செய்து பிள்ளை பெற்றவர்கள், உடை ஆசை வேறு, உடல் ஆசை வேறு என்று பிரித்துக் காட்டியது அவருடைய சாதனை. அந்த மனிதரைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது. பெண் உடையில் தெருவில் போனவர்களைப் போலீஸ் பிடிக்காமலிருக்க அடையாளச் சீட்டு வாங்கிக் கொடுத்தவர். 1931-ல் இந்தியாவெல்லாம் சுற்றினார். ஊர் திரும்ப வழியில்லாமல் போயிற்று. 1919-ல் அவர் தொடங்கிய ஆய்வு நிலையத்தை 1933 மே மாதம் நாஜிகள் சூறையாடி, புத்தகங்களைப் பொதுச் சதுக்கத்தில் கொளுத்தினார்கள். 1935-ல் பிரான்ஸில் நீஸ் நகரத்தில் இறந்தார்.

அவர் செய்த வார்த்தை அவரைவிட நீண்ட நாள் வாழ்ந்தது. வேறு கைகளுக்கும் போனது. இங்கிலாந்தின் ஹேவ்லாக் எல்லிஸுக்கு ஆரம்பத்திலிருந்தே அது பிடிக்கவில்லை. துணியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது, ஆளுக்குள் நடப்பதைச் சொல்லவில்லை என்றார். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசின் தூதராகவும் ஒற்றராகவும் இருந்து, பிற்காலத்தைப் பெண்ணாகவே கழித்த ஷெவாலியே தெயோன் பெயரை வைத்து 'இயோனிசம்' என்று அவர் ஒரு பெயர் போட்டார். அது நிற்கவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டை 1952-ல் முதன்முதலாக அச்சடித்தபோது டிரான்ஸ்வெஸ்டிசம் பாலியல் பிறழ்ச்சிப் பட்டியலில் உட்கார்ந்திருந்தது. 1987-ல் அதன் பெயர் மாறியது. அதற்குள் பெண் உடையால் காமக் கிளர்ச்சி அடைபவர் என்று வரையறையும் சுருங்கியிருந்தது. எதிர்ப்பால் ஈர்ப்புள்ள ஆணுக்கு மட்டும்தான் இந்த நோய் வரும் என்றுகூட எழுதி வைத்திருந்தார்கள். 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பு அந்த வேலியை எடுத்துவிட்டது. உடுத்துவது நோயல்ல, ஆறு மாதமாவது நீடிக்கும் கிளர்ச்சியோடு அதனால் வேதனையோ வாழ்க்கைக்குப் பாதிப்போ இருந்தால்தான் கோளாறு என்றது.

உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய்ப் பட்டியல் இன்னும் வேடிக்கை. அதில் இதற்கு இரண்டு எண்கள். ஒன்று காமக் கிளர்ச்சிக்காக உடுத்துவது. இன்னொன்று கிளர்ச்சி எதுவும் இல்லாமல், நிரந்தரமாக மாறும் எண்ணமும் இல்லாமல், கொஞ்ச நேரம் எதிர்ப்பாலாக இருந்து பார்க்கும் சந்தோஷத்துக்காக உடுத்துவது. அதற்கும் ஒரு நோய் எண்! அக்கா மகள் இதைப் படித்துக் காட்டியபோது எனக்கு அம்மாவின் "ஒரு நாளாச்சும் பின்னிப் பாக்கணும்ல" ஞாபகம் வந்தது. 2019-ல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராம் பட்டியலில் இரண்டு எண்களுமே இல்லை. ஆளுக்குச் சூட்டிய பெயரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆளிடமிருந்து கழற்ற நூற்றுப் பன்னிரண்டு வருஷம் பிடித்திருக்கிறது.

மருத்துவத்துக்கும் முன்னால் சட்டம் வந்துவிட்டது, நம் நாட்டில். 1871-ன் குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் சாதிகளோடு சேர்த்துத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதன் இரண்டாம் பாகம் வட இந்திய ஹிஜ்ராக்களைக் குறிவைத்தது. பதிவேட்டில் பெயர் ஏறிய ஒருவர் பெண்ணைப் போல உடுத்தி, நகை போட்டு, பொது இடத்தில் தெரியும்படி நின்றாலோ, ஆடினாலோ இசைத்தாலோ வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம், இரண்டு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். சேலையும் வளையலும் குற்றத்தின் சாட்சியமாயின.

தெற்கே கதை வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. இங்கே சேலை கட்டத் தெரிந்த பையனுக்குச் சம்பளம் கிடைத்தது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் சேர்ந்தபோது நடிகர் டி.கே. சண்முகத்துக்கு ஆறு வயசு. பாய்ஸ் கம்பெனி என்றால் ஊருக்குப் புரியும். ராஜபார்ட், ஸ்திரீ பார்ட், பபூன் எல்லாமே பையன்கள். குரல் மெலிசாக, முகவெட்டு அமைந்த பையனை ஸ்திரீ பார்ட்டுக்கு ஒதுக்குவார்கள். வள்ளி அவன்தான், அல்லி அவன்தான், பவளக்கொடியும் அவன்தான். பின்னாளில் திரையை ஆண்ட சிவாஜி கணேசன் சீதையாக நின்றவர், புராணப் படங்களின் ஏ.பி. நாகராஜனும் ஸ்திரீ பார்ட்தான். மகரக்கட்டு என்று ஒரு சொல் அந்த உலகத்தில் உண்டு. குரல் உடைகிற பருவம். அது வந்துவிட்டால் நேற்று வரை கொட்டகையே மயங்கிய வள்ளி இன்று சமையல்காரருக்குத் தண்ணீர் சுமப்பான். ஒரு பிள்ளையின் தொண்டையை நம்பிக் கம்பெனி நடந்த காலம் அது. அடியும் பட்டினியும் அதில் உண்டு. பெண்ணை மேடையேற்ற மாட்டோம் என்ற கட்டுப்பாட்டின் இன்னொரு முகம்தான் அந்தப் பெண் வேஷம். அதைக் கலை என்று கொண்டாடும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பழனிக் கதையிலேயே ஒரு கிழவி வருகிறாள். ஞானப்பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு மலையேறிய பிள்ளையிடம், பழம் நீயேதான் என்று சமாதானம் சொல்லப் போன ஔவை. அந்த ஔவையாக 1940-களில் மேடையில் நின்றவர் முப்பது வயசு ஆணான டி.கே. சண்முகம். கூனிய முதுகும் நடுங்கும் குரலுமாக அவர் நின்றதைப் பார்த்த ஜனம் அவருக்கு 'ஔவை சண்முகம்' என்றே பெயர் வைத்தது. கடைசி வரை அதுதான் பெயர். யாரும் கேலியாகச் சொன்னதில்லை. சென்னையில் ஒரு சாலைக்கே அது பெயராயிற்று. சினிமாவில் அதே ஔவை 1953-ல் ஜெமினி படத்தில் வந்தபோது நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். இந்த அம்மாள் 1935-ல் 'நந்தனார்' படத்தில் ஆணாக, நந்தனாராகவே நடித்தவர். அதற்கு வாங்கியது ஒரு லட்சம் ரூபாய், அன்றைக்கு யாரும் கேள்விப்படாத தொகை. அவருடைய சொந்த ஊர் கொடுமுடி. பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு வரும் தீர்த்தக் காவடிகள் அங்கேதான் காவிரியை மொள்கின்றன. ஔவையானான் ஓர் ஆண், நந்தனாரானாள் ஒரு பெண், அதே பெண் பிறகு ஔவையுமானாள். கமல்ஹாசன் 1996-ல் 'ஔவை சண்முகி' என்று பெயர் வைத்துத் தன் நாடக ஆசானுக்கு வணக்கம் சொன்னபோது ஊர் வயிறு குலுங்கச் சிரித்தது. அரை நூற்றாண்டில் கண்ணீரின் இடத்துக்குச் சிரிப்பு வந்திருந்தது. அதற்குப் பிறகு தமிழ் சினிமாவில் சேலை கட்டின ஆண் என்றாலே காமெடி டிராக்தான்.

மேடைக்கு வெளியேயும் வேஷம் உண்டு. குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் தசராவுக்கு விரதமிருந்து வேஷம் கட்டுகிறார்கள். காளி, குறவன், ராஜா, போலீஸ், பெண். தோணிக்காரரும் ஆட்டோ ஓட்டுகிறவரும் பூவும் பொட்டுமாக வீடு வீடாகப் போய்க் காணிக்கை வாங்கி அம்மன் உண்டியலில் போடுகிறார்கள். உடம்பு சரியாகணும், பிள்ளை பிறக்கணும், கடன் தீரணும் என்று நேர்ந்துகொண்டது. விழா முடிந்ததும் வேஷம் கலைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமிக்குக் கூத்தாண்டவரான அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ள நாடெங்குமிருந்து திருநங்கைகள் வருகிறார்கள். பத்திரிகைப் படங்கள் அவர்களைத்தான் காட்டும். சுற்றுவட்டாரக் கிராமத்து ஆண்களும் வேண்டுதலுக்காக அதே சன்னிதியில் தாலி கட்டிக்கொள்வது படத்தில் வராது. மறுநாள் தாலி அறுகிறது. ஒரே மஞ்சள் கயிறு. ஒருவருக்கு அது நேர்த்திக்கடன், பக்கத்தில் நிற்பவருக்கு அது தான் யார் என்பதன் சாட்சி. எட்ட நின்று உடையை மட்டும் பார்த்து வரையறை எழுதுகிற மருத்துவர் அங்கே என்ன எழுதுவார்?

இதைச் சொல்லித்தான் அக்கா மகளை மடக்கிவிட்டதாக நினைத்தேன். நம் ஊர் செயலுக்குப் பெயர் வைத்தது, அவர்கள் ஆளுக்கு வைத்தார்கள், நம் வார்த்தையே நல்ல வார்த்தை என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வேஷம்னா எப்பவாச்சும் கலைக்கணும்ல, மாமா? கலைக்கவே வேணாம்னு நெனைக்கறவங்களை என்ன சொல்வீங்க?" என்றாள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. நம் வார்த்தைக்கு உள்ளே ஒரு முள் இருக்கிறது. வேஷம் என்றால் அலங்காரம், கோலம். வேஷம் என்றால் பாசாங்கும்தான். "வேஷம் போடாதே" என்று யாரிடம் சொல்வோம்? பொய் சொல்பவனிடம். பெண்ணாகவே வாழும் ஒரு திருநங்கையைப் பார்த்து "பொம்பளை வேஷம் கட்டிக்கிட்டு வர்றான்" என்று ஒருவர் சொல்லும்போது, ஸ்திரீ பார்ட்டுக்குக் கை தட்டிய அதே சொல் அவர் முகத்தில் அறைகிறது. அவர் கட்டியிருப்பது வேஷமே இல்லை. பிள்ளைப் பிராயத்தில் அவருக்கு மாட்டிவிட்ட டவுசர்தான் வேஷம். திருநங்கை என்ற சொல் புழக்கத்துக்கு வந்ததும், 2008-ல் தமிழ்நாடு அவர்களுக்கு நலவாரியம் அமைத்ததும், 2014 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை ஒப்புக்கொண்டதும் இந்த ஒரு குழப்பத்தைத் தீர்க்கத்தான் முதலில் தேவைப்பட்டன. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷின் முன் நடந்த வழக்கையொட்டி 2022 ஆகஸ்டில் தமிழக அரசு ஒரு சொற்பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது, யாரை எப்படி அழைப்பது என்று. அரசிதழில் வந்த சொல் டீக்கடைக்கு வர நாளாகும். ஆனாலும் வார்த்தைக்காக ஓர் அரசு உட்கார்ந்து யோசித்தது பெரிய விஷயம்தான்.

மேடையும் இல்லை, வேண்டுதலும் இல்லை, திருநங்கையும் இல்லை என்று இன்னொருவர் இருக்கிறார். கதவைத் தாழிட்டுக்கொண்டு மனைவியின் சேலையைக் கட்டி, நிலைக்கண்ணாடி முன் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, மடிப்புக் கலையாமல் பீரோவில் திருப்பி வைக்கிறவர். ஆணாக வாழ்வதில் அவருக்கு வருத்தம் இல்லை. தமிழில் அவருக்கு வார்த்தையே இல்லை, வசைகள்தான் உண்டு. கிராஸ் டிரெஸ்ஸர் என்ற இங்கிலீஷ் வார்த்தை காதில் விழும் நாளில் 'அட, என்னை மாதிரி வேற ஆளும் இருக்கு' என்று அவருக்கு மூச்சு விட முடிகிறது. அதனால் மருத்துவப் பெயர்கள் எல்லாமே பிசகு என்று நான் சொல்ல மாட்டேன். கையேட்டின் இன்றைய நிபந்தனையில்தான் எனக்குச் சந்தேகம். வேதனை இருந்தால் கோளாறு என்கிறது. அவருடைய வேதனை சேலையிலிருந்து வருகிறதா, கதவை யாராவது தட்டிவிடுவார்களோ என்ற பயத்திலிருந்து வருகிறதா? பின்னது என்றால் சிகிச்சை யாருக்கு?

இதில் பெண்கள் எங்கே என்று யோசித்துப் பாருங்கள். ஹிர்ஷ்ஃபெல்ட்டின் 17 பேரில் ஒரு பெண். பிந்தைய கையேடுகளில் 2013 வரை அந்த ஒருத்திக்கும் இடமில்லை. அது ஏனென்று தெரிய வேண்டுமானால் பழனியிலிருந்து மலையேறினால் போதும்.

பூசம் முடிந்த மறுவாரம் மூவரும் கொடைக்கானல் போய், அங்கிருந்து பூம்பாறைக்குப் போனோம். கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் முதல் வீடுகளைக் கட்டினார்கள், 1863-ல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் ஏரியை உருவாக்கினார் என்பது சுற்றுலா வழிகாட்டி சொல்லும். அந்தப் பங்களாக்களின் சின்னப் பையன்கள் எல்லாம் கவுன் போட்டுத்தான் திரிந்திருப்பார்கள் என்பதை அவர் சொல்ல மாட்டார். அந்த நூற்றாண்டில் வெள்ளைக்கார வீடுகளில் பையன்களுக்கும் ஐந்தாறு வயசு வரை கவுன்தான். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு இரண்டரை வயசில், 1884-ல் எடுத்த படம் ஒன்று உண்டு. தோள் வரை முடி, வெள்ளைப் பாவாடை, மடியில் இறகு வைத்த தொப்பி. என் படத்தில் தொப்பிக்குப் பதில் மரக்குதிரை, அவ்வளவுதான்.

பூம்பாறையில் படிப்படியாகப் பூண்டு வயல். வயலில் பெண்கள். அத்தனை பேரும் சேலைக்கு மேல் ஆம்பிளை முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டியிருந்தார்கள். புருஷனுடையதாக இருக்கலாம், மகன் கல்லூரிக்குப் போட்டுக் கழித்ததாக இருக்கலாம். குளிர், முள், பூச்சி மருந்து எல்லாவற்றுக்கும் அதுதான் காப்பு. தமிழ்நாட்டுச் சாலையோரம் முழுக்க, நூறு நாள் வேலையிலும் சித்தாள் வேலையிலும் இந்த உடுப்பைப் பார்க்கலாம். ஆணின் சட்டையைப் பெண் போட்டால் அது வேலை. பெண்ணின் சேலையை ஆண் கட்டினால் அதற்கு நோய் எண் தேவைப்பட்டது. மேலே ஏறுவதாகத் தோன்றுவதை உலகம் மன்னித்துவிடுகிறது, கீழே இறங்குவதாகத் தோன்றுவதைத்தான் விசாரிக்கிறது. அந்தச் சட்டை போட்டவளுக்குக் கூலியும் ஆணுக்குச் சமமாக ஏறியிருந்தால் அப்போதும் மன்னித்திருக்குமா என்பது வேறு கேள்வி.

குழந்தை வேலப்பர் கோயிலில் கூட்டமில்லை. போகர் வைத்த சிலை என்பார்கள். பெயர் வந்த கதையை அம்மாதான் சொன்னாள். அருணகிரிநாதர் இந்த மலைக்கு வந்து ராத்திரி கோயிலில் படுத்துத் தூங்கிவிட்டார். அவரைக் கொல்ல ஒரு ராட்சசி வந்தாள். முருகன் பார்த்தான், குழந்தை உருவெடுத்து அவர் பக்கத்தில் ஒட்டிப் படுத்துக்கொண்டான். இருட்டில் வந்து பார்த்த ராட்சசி, யாரோ ஒரு தாயும் பிள்ளையும் தூங்குகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டாள்.

"அருணகிரிநாதர் என்ன உடுத்தியிருந்தார், பாட்டி?"

"காவிதான். வேறென்ன உடுத்துவாரு?"

"அப்ப எப்படி அம்மான்னு நெனைச்சா?"

"பக்கத்துல புள்ள கெடந்துச்சுல்ல" என்றாள் அம்மா.

அக்கா மகள் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். வயலிலிருந்து வந்த ஒருத்தி சட்டையைக் கழற்றி உதறி, நாலாக மடித்து ஒயர் கூடையில் வைத்து, சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். பஸ் வரக் காணோம். அக்கா மகள் கைப்பேசியை எடுத்து அந்தப் பழைய படத்தைப் பெரிசாக்கி அம்மாவிடம் நீட்டினாள். அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"அன்னிக்கே அந்த ஸ்டூடியோக்காரர்ட்ட சொன்னேன், பொட்டு கோணலா இருக்குன்னு."